பூங்கா வியாசமும் தோட்டத் தமிழனும்

தமிழ்ப் பள்ளியிற் பயின்ற பிள்ளைகளுள் எழுதாமல் தப்பியவர் எவருமிலர் என்று சொல்லத்தக்க வியாசம் ஒன்று நம் நாட்டில் உண்டு. ‘பூங்காவில் ஒரு நாள்’ என்பதோ, ‘நான் கண்டு களித்த பூங்கா’ என்பதோ அதன் தலைப்பாக இருக்கும். தலைப்பு எதுவாயினும் உள்ளே வருவது ஒன்றே. ஞாயிறு விடியும், சேவல் கூவும், தந்தையார் காரை ஓட்டுவார், வாயிலை அடைந்தவுடன் வண்ண வண்ண மலர்கள் பூத்துக் குலுங்கும், வண்டுகள் ரீங்காரம் செய்யும், தென்றல் தவழ்ந்து வந்து மேனியைத் தீண்டும், தாயார் கட்டிக்கொண்டு வந்த சோற்றை எல்லோரும் பகிர்ந்துண்பர், மேற்கே கதிரவன் மறைவான், யாவரும் மட்டற்ற மகிழ்ச்சியோடு வீடு திரும்புவர். வியாசம் முற்றிற்று. ஆசிரியர் சிவப்பு மையால் ‘நன்று’ என்று எழுதுவார்.

இச்சிறு வியாசத்தை இலக்கிய விமரிசனத்துக்குரிய பொருளாக நாம் எடுத்துக்கொண்டது குறித்து வாசகருட் சிலர் நகைக்கக்கூடும். காவியங்களும் நாவல்களும் காத்துக்கிடக்க, பள்ளிப் பிள்ளையின் கட்டுரையோடு மல்லுக்கு நிற்பானேன் என்று கேட்கவும் கூடும். கேட்பது நியாயமே. ஆனால், ஒரு சமூகத்தில் பெரும்பாலோர் தம் ஆயுளில் எழுதும் இலக்கியம் பள்ளி வியாசம் ஒன்றேயன்றோ? நாவல் எழுதுவோர் விரல்விட்டு எண்ணத்தக்கவர்; பூங்கா வியாசம் எழுதியோரோ ஊர் முழுதும் உளர். அதில் பழகிய கண்ணே பின்னர்ப் பத்திரிகைக்குப் பயணக் கட்டுரை எழுதுகிறது; ஆண்டு மலருக்குச் சிறுகதை எழுதுகிறது; மேடையில் நின்று ‘இயற்கை எழில்’ என்று பேசுகிறது. வேரைப் பாராது கிளையைக் குறை கூறுதலால் யாது பயன்?

தோட்டத்து ஆபீசில் செக்ரோல் புத்தகத்தோடு காலங்கழிக்கும் நாம் கல்வி கற்றது ஆங்கில வழியில். அங்கும் இதே வியாசமே நமக்கு விதிக்கப்பட்டது. சேவலுக்குப் பதிலாக வானம்பாடி கூவிற்று. சோற்றுப் பொட்டலத்துக்குப் பதிலாக ரொட்டித் துண்டு வந்தது. மற்றபடி நோய் ஒன்றே. ஆகையால், இது தமிழ் மொழிக்கு உரிய குறையன்று. பார்க்கக் கற்றுக்கொடாத கல்வியின் குறை என்பதை முதற்கண் சொல்லிவிடுகிறோம்.

மூன்று குறைகள்

பூங்கா வியாசத்தில் நாம் காணும் குறைகள் மூன்று. முதலாவது, அதில் மரங்களுக்குப் பெயர் இல்லை. ‘வானளாவிய மரங்கள்’ என்று ஒரே மூச்சில் எல்லா மரங்களையும் வெட்டிச் சாய்த்துவிடுகிறான் எழுதுவோன். மாலை வந்ததும் இலைகளைக் கூப்பிக்கொள்ளும் தூங்குமூஞ்சி மரத்தை அவன் அண்ணாந்து பார்ப்பதில்லை. அது இந்நாட்டு மரமன்று, கடல் கடந்து அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம் என்று அறிந்தால், ‘என் பாட்டனும் கப்பலேறி வந்தவன்தானே’ என்று அம்மரத்தோடு ஓர் உறவு கொண்டாடியிருப்பான். பெயர் அறியாத இடத்தில் உறவு ஏது?

இரண்டாவது, ஆண்டு இல்லை. நிலமும் நீரும் தோன்றிய அன்றே பூங்காவும் தோன்றியது போலவும், ஏரியைத் தேவர்கள் வெட்டிவிட்டுப் போனது போலவும் வியாசம் நடக்கிறது. மூன்றாவது குறை எல்லாவற்றிலும் பெரிது: எழுதுவோனின் குடும்பத்தாரைத் தவிர அதில் மனிதர் இல்லை. புல் வெட்டுவோன் இல்லை. சருகு கூட்டும் மாது இல்லை. குப்பைத் தொட்டியைச் சுமப்போன் இல்லை. மலர் தானே பூக்கிறது. பாதை தானே தூய்மையாகிறது. உழைப்பாளியின் பேரன் எழுதும் வியாசத்தில் உழைப்பாளிக்கு இடமில்லை என்றால், இதைவிட வருந்தத்தக்கது வேறு என்ன இருக்கிறது?

இக்குறைகளை வெறும் வாயால் சொல்லிப் போகாமல், மெய்யான ஒரு பூங்காவை வைத்துச் சோதித்துப் பார்ப்போம்.

ஏரிப் பூங்கா சொல்லும் கதை

கோலாலம்பூரில் இன்று பெர்டானா தாவரவியல் பூங்கா என்று வழங்கும் ஏரிப் பூங்காவை அறியாத தமிழர் கிள்ளான் பள்ளத்தாக்கில் இரார். சுபாங் ஜெயாவிலிருந்து செல்வோர் கிள்ளான் பாதை ரயிலேறி, பழைய கோலாலம்பூர் ஸ்டேஷனில் இறங்கி நடந்தே போய்விடலாம். வியாசம் எழுதுவோன் பூங்காவின் வாயிலில்தான் கண் திறக்கிறான். ஆனால் ஏறிய ரயிலே முதற் பாடமாகும். சிலாங்கூரின் முதல் இருப்புப் பாதை கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கு அருகேயுள்ள புக்கிட் கூடாவுக்கும் இடையே 1886-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. இந்நாட்டு இருப்புப் பாதைகளுக்கு மண் வெட்டியும் கட்டை சுமந்தும் தேய்ந்த கைகளிற் பல நம் முன்னோருடைய கைகள். ரயில் வேலையையொட்டியே பிரிக்ஃபீல்ட்ஸில் தமிழர் குடியிருப்பும் பெருகிற்று.

பாதை திறந்து இரண்டாண்டு கழிந்து, 1888-ல், சிலாங்கூர் அரசாங்கத்தின் பொக்கிஷ அதிகாரியாக இருந்த ஆல்பிரட் வென்னிங் என்பார், நகருக்கு ஒரு தாவரப் பூங்கா வேண்டுமென்று ரெசிடெண்டாகிய பிராங்க் சுவெட்டன்ஹாமிடம் யோசனை கூறினார். 173 ஏக்கர் நிலம் ஒதுக்கப்பட்டது. ஓடையை மறித்து அணையிட்டு ஏரி உண்டாக்கினர். 1889 மே மாதத்தில் கவர்னர் சர் சிசில் கிளமெண்டி ஸ்மித் பூங்காவைத் திறந்துவைத்தார். ஏரிக்கு சுவெட்டன்ஹாம் துரையின் மனைவியார் பெயரால் சிட்னி ஏரி என்று பெயர் சூட்டினர். 1890-ல் ஐரோப்பிய மேலதிகாரிகள் கூடிக் களிக்க லேக் கிளப் என்னும் சங்கம் தோன்றியது. பின்னர், பூங்காவின் மேட்டு நிலத்தில் சுவெட்டன்ஹாமுக்கென்றே கார்கோசா மாளிகை எழுந்தது.

ஒரு துரையின் யோசனை, ஒரு துரைசானியின் பெயர், ஒரு கவர்னரின் திறப்பு விழா ஆகிய இவை யாவும் ஏட்டில் ஏறிவிட்டன. அணைக்கு மண் சுமந்தோர் பெயரை எந்த வியாசமும் கூறக் கேட்டிலோம். பூங்கா என்பது பூவால் எழுதிய புத்தகம். அப்புத்தகத்தின் ஒவ்வோர் அதிகாரத்தையும் அவ்வக்காலத்து ஆட்சியாளர் எழுதுகின்றனர். நாடு விடுதலை பெற்றபின் புதிய அதிகாரங்கள் சேர்ந்தன. 1963-ல் அருகே நாடாளுமன்றக் கட்டடம் திறக்கப்பட்டது. 1966-ல் தேசிய நினைவுச் சின்னம் எழுந்தது. 1975-ல், பிரதமர் துன் அப்துல் ரசாக்கின் காலத்தில், தாமான் தாசேக் பெர்டானா என்று பெயர் மாறிற்று. 1991-ல் பறவைப் பூங்கா வந்தது. 2011-ல் மீண்டும் தாவரவியல் பூங்கா என்னும் பெயர் வந்தது. துரைமார் உலாவிய இடத்தில் இன்று யாவரும் உலாவுகின்றனர். இது மெய்யான முன்னேற்றம்; இதை மறைத்துப் பேசுதல் நேர்மையன்று. ஆனால், வாயில் திறந்துவிட்டதனாலேயே கதை முடிந்துவிட்டதாகாது.

பூங்காவின் பிள்ளை தோட்டம்

ஒரு சொல்லைச் சற்று ஆராய்வோம். தாய்நாட்டிலுள்ள தமிழனுக்குத் தோட்டம் என்றால் வீட்டின் பின்புறத்தில் வாழையும் அவரையும் நிற்கும் இடம். மலேசியத் தமிழனுக்குத் தோட்டம் என்றால் லயம், பெரட்டு, கங்காணி, பால் வாளி, சம்பள நாள். அங்கே தோட்டம் இளைப்பாறும் இடம். இங்கே இளைக்கும் இடம். அதனாலேயே நம்மவர் இளைப்பாறும் இடத்துக்குத் தோட்டம் என்னும் பெயரை இடாமல், பூங்கா என்று வேறு பெயர் வைத்துக்கொண்டனர் போலும். இரண்டும் வெவ்வேறு உலகம் என்று எண்ணுகிறோம். சரித்திரமோ அவ்விரண்டும் தாயும் பிள்ளையும் என்று சொல்கிறது.

பால்மரம் இந்நாட்டுக்கு வந்த வழியைப் பாருங்கள். 1876-ல் ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டனுக்கு அருகேயுள்ள கியூ தாவரப் பூங்காவுக்குக் கொண்டு சேர்த்தார். 1877-ல் அங்கிருந்து வந்த 22 கன்றுகள் சிங்கப்பூர் தாவரப் பூங்காவை அடைந்தன; அவற்றுட் சில கோலா கங்சாரில் நடப்பட்டன. ஏரிப் பூங்காவுக்கு விதை ஊன்றிய அதே 1888-ல், சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவுக்கு ரிட்லி என்னும் அறிஞர் அதிகாரியாக வந்தார். மரத்துக்குக் கேடின்றிப் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையை அவர் ஆராய்ந்து கண்டார். காப்பியில் மூழ்கியிருந்த துரைமார் முதலில் அவரை நகையாடினர். காப்பி விழுந்தபின் அவருடைய விதைகளைத் தேடி ஓடினர். சில ஆண்டுகளில் மலாயாவின் காடெல்லாம் பால்மரமாயிற்று. அம்மரத்தின் பின்னாலேயே நம்மவரைக் கப்பல் கப்பலாக ஏற்றி வந்தனர்.

செம்பனையின் பிறப்பும் இத்தகையதே. 1848-ல் ஜாவாத் தீவிலுள்ள பொகோர் தாவரப் பூங்காவில் நான்கு கன்றுகள் நடப்பட்டன. மலாயாவுக்கு அது முதலில் அழகு மரமாகவே வந்தது; பாதையோரத்தில் பார்வைக்கு இனிதாக நிற்பதே அதன் தொழில். 1917-ல் கோலா சிலாங்கூர்ப் பகுதியிலுள்ள தென்னமரம் தோட்டத்தில் அதைப் பயிராக நட்டனர். இன்று நாம் பேரேட்டில் எழுதும் ஒவ்வொரு குலைக்கும் மூலம் பூங்காவில் நின்ற அந்த அழகு மரமே.

ஆகவே, தாவரப் பூங்கா இல்லையேல் ரப்பர்த் தோட்டம் இல்லை; தோட்டம் இல்லையேல் நம்மிற் பெரும்பாலோர் இம்மண்ணில் இல்லை. பூங்காவின் வாயிலில் நிற்கும் தோட்டத் தமிழன் விருந்தாளியல்லன்; தன் சரித்திரத்தின் தலைவாயிலில் நிற்பவன். இதை அறியாமல் ‘மலர்கள் பூத்துக் குலுங்கின’ என்று எழுதிவிட்டு வீடு திரும்புதல், பெற்ற தாயைச் சந்தையில் கண்டு, ‘யாரோ ஒரு மூதாட்டி’ என்று எழுதுவதை ஒக்கும்.

சாத்தனார் காட்டிய சோலை

‘பூங்காவை இப்படியெல்லாம் பார்ப்பது மேனாட்டு வழக்கம், தமிழ் இலக்கியம் இயற்கையை ரசிக்கவே கற்பித்தது’ என்று சிலர் மறுப்பர். அவர்கள் மணிமேகலையின் மூன்றாம் காதையாகிய ‘மலர்வனம் புக்க காதை’யை மறுமுறை படிப்பார்களாக. தமிழில் உள்ள பூங்கா வியாசங்களுள் தலைசிறந்தது அதுவே என்பது நம் கருத்து.

தந்தையாகிய கோவலனின் முடிவைக் கேட்ட மணிமேகலை கண்ணீர் சொரிகிறாள். அவள் தொடுத்த மாலை தூய்மை இழக்கிறது. புதுமலர் கொய்துவருமாறு மாதவி பணிக்கிறாள். சாதாரண வியாசமாயின் அடுத்த வரியிலேயே மலர்கள் குலுங்கியிருக்கும். சாத்தனாரோ அங்கே சுதமதியைப் பேசவைக்கிறார். சோலையில் தனித்து நின்றபோது மாருதவேகன் என்பவனால் கவரப்பட்டவள் அவள். பட்டவள் ஆதலின் அவளுக்குத் தெரியும். இலவந்திகைச் சோலைக்குச் செல்லலாகாது, அங்கே அரசனைச் சூழ்ந்தோர் இருப்பர். உய்யானத்துக்குச் செல்லலாகாது, அது தேவர்க்கு உரியது, பூதங்கள் காப்பது. சம்பாதி வனமும் கவேர வனமும் அணுகத்தக்கனவல்ல. உவவனம் ஒன்றே புகத்தக்கது என்று எண்ணிச் சொல்கிறாள். ஒரு நகரத்தின் சோலைகளை, ‘எதில் யார் நுழையலாம்’ என்னும் ஒரே கேள்வியால் புலவர் அளந்துவிட்டார்.

பூதம் காவல் நிற்கிறது என்பதைப் பகுத்தறிவு ஒப்பாது. ஆயினும், இன்றும் பூதங்கள் இல்லாமற் போகவில்லை. ‘அனுமதியின்றி உட்புகாதே’ என்னும் பலகை ஒரு பூதம். மாலை மங்கியபின் விளக்கில்லாத பாதை ஒரு பூதம். தனியே நடக்கும் பெண்ணை ஏற இறங்கப் பார்க்கும் கண் ஒரு பூதம். சுதமதியின் அச்சத்தை இன்றைய தாயும் தன் மகளுக்குச் சொல்லியே பூங்காவுக்கு அனுப்புகிறாள். நம் வியாசத்தில் அந்த அச்சத்துக்கு ஒரு வரியேனும் இடமுண்டா?

வழியிலும் சாத்தனார் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. சமணத் துறவியை வம்புக்கிழுக்கும் குடியனையும், கிழிந்த உடையோடு திரியும் பித்தனையும், பேடிக் கூத்தையும், அவற்றை வேடிக்கை பார்க்கும் கூட்டத்தையும் காட்டிவிட்டே சோலைக்கு அழைத்துச் செல்கிறார். சோலைக்குள்ளே ஒரு பளிக்கறை வைக்கிறார். அதன் உள்ளே இருப்பார் உருவம் வெளியே தோன்றும். குரல் வெளியே வாராது. அரசகுமாரன் தேரேறித் தொடர்ந்து வர, மணிமேகலை அதனுள் புகுந்து மறைகிறாள். நம் பூங்காக்களில் இன்று புல் வெட்டும் ஏழையின் நிலையும் பளிக்கறைக்குள் இருப்பார் நிலையே. உருவம் எல்லோர் கண்ணிலும் படுகிறது. குரல் ஒருவர் காதிலும் விழுவதில்லை. சோலையில் தொடங்கிய அக்கதை, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டம் ஆக்குவது வரை செல்கிறது என்பதையும் மறத்தலாகாது. பூவைப் பார்த்த கண் மனிதனையும் பார்த்தமையால் அன்றோ அது நேர்ந்தது?

பூங்காவின் அடியிலும் ஊரின் அடியிலும்

மீண்டும் நம் பள்ளத்தாக்குக்கு வருவோம். புக்கிட் ஜாலிலில் 80 ஏக்கர் பரப்புள்ள பூங்கா ஒன்று உண்டு. ஜப்பான் முதலான பல நாடுகளின் பாணியில் அங்கே சோலைகள் அமைத்துள்ளனர். பள்ளிப் பிள்ளைகள் சென்று கண்டு வியாசம் எழுதத்தக்க இடமே. அவ்வட்டாரம் முன்னர் ரப்பர்த் தோட்டம். 1998-ல் நடந்த காமன்வெல்த் விளையாட்டுக்களை முன்னிட்டு அங்கே தேசிய விளையாட்டரங்கம் எழுந்தது. தோட்டத்தில் எஞ்சிய குடும்பங்கள், தாம் உழைத்து வாழ்ந்த இடத்திலேயே வீட்டுமனை கேட்டு நெடுங்காலம் போராடின. 2011-ல் அவர்களை வெளியேறச் சொல்லி நோட்டீஸ் வந்தது. ஜப்பான் சோலையைப் புகழும் வியாசம் ரப்பர் நிரையைக் குறித்து வாய் திறப்பதில்லை. தமிழ்ப் பள்ளியொன்று மட்டும் ‘லாடாங் புக்கிட் ஜாலில்’ என்னும் பெயரைத் தாங்கிச் சாட்சியாக நிற்கிறது.

சுபாங் ஜெயாவும் இவ்வகையினதே. 1976 முதல் அங்கே வரிசை வரிசையாக வீடுகள் எழுந்தன. அதற்கு முன்னர் அது சீபீல்டு தோட்டம். இன்று கடைத்தொகுதியும் கல்லூரியும் மருத்துவமனையும் நிற்கும் அந்நகரில், சீபீல்டு என்னும் பெயரைக் கோயிலும் தமிழ்ப் பள்ளியுமே பெரிதும் காப்பாற்றி வருகின்றன. சட்டைப் பையில் ‘லாடாங்’ என்னும் சொல்லைக் குத்திக்கொண்டு ஒரு பிள்ளை பள்ளிக்குச் செல்கிறது. லாடாங் எங்கே என்று கேட்டால் அதற்கு விடை தெரியாது. அப்பிள்ளைக்குப் ‘பூங்காவில் ஒரு நாள்’ என்று தலைப்புக் கொடுக்கிறோம். ‘உன் காலடியில் இருந்த தோட்டம்’ என்று ஒரு தலைப்பைக் கொடுத்தால் என்ன?

அந்நகரத்து மக்கள் சுபாங் ரியா பூங்கா என்று வழங்கி, காலையும் மாலையும் உலாவிவந்த பசுநிலம் 70 ஏக்கருக்கு மேற்பட்டது. பெயர் பூங்காவாக இருந்ததேயன்றி, நிலம் வீடமைப்பு நிறுவனமொன்றின் உடைமையாகவே இருந்து வந்தது. அதன் ஒரு பகுதியில் கட்டடம் எழுப்பும் திட்டங்கள் எழுந்தபோது குடியிருப்பாளர் கூடி எதிர்த்தனர். அவர்களை நாம் பாராட்டுகிறோம். பூங்கா என்று பெயரிட்ட மாத்திரத்தில் அது பொதுவுடைமை ஆகிவிடாது. பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்று கேட்டறிந்தவனே பூங்காவைக் காப்பாற்ற வல்லவன்.

பழைய சென்னையில் நடந்தது இதற்கு ஒரு பாடம். 1859-ல் கவர்னராக வந்த சார்லஸ் டிரவெல்யன், நகரத்து மக்கள் காற்று வாங்குவதற்கென்று 100 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் பீப்பிள்ஸ் பார்க்கை உண்டாக்க முனைந்தார். பெயரிலேயே மக்கள் இருந்தனர். பின்னர் அதில் ஒரு மூலையில் விக்டோரியா மண்டபம் வந்தது, மூர் மார்க்கெட் வந்தது, ரிப்பன் மாளிகை வந்தது, விளையாட்டரங்கம் வந்தது. ஒவ்வொன்றும் நல்ல கட்டடமே. ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் சொன்னார்கள். முடிவில் மக்களுக்கு மிஞ்சியது சிறு துண்டு. பூங்கா ஒரே நாளில் இறப்பதில்லை. ஏக்கர் ஏக்கராக இறக்கிறது.

அமெரிக்காவில் நியூயார்க் நகரத்துச் சென்ட்ரல் பார்க்கின் பெருமையை அறியாதார் இலர். அப்பூங்காவை அமைக்கும்பொருட்டு, சொந்த வீடும் கோயிலும் பள்ளியும் வைத்து வாழ்ந்த கறுப்பர்களின் செனகா கிராமத்தை 1857-ல் காலி செய்தனர். ஒன்றரை நூற்றாண்டுக்கு அருகில் அப்பெயரைப் பலரும் மறந்திருந்தனர். ஆராய்ச்சியாளர் தோண்டித் துருவி எடுத்துக் கூறினர். 2001-ல் அவ்விடத்தில் நினைவுப் பலகை நாட்டப்பட்டது. அதனால் பூங்காவின் அழகு குன்றிவிடவில்லை. பார்க்க வருவோரின் அறிவு வளர்ந்தது. ஒரு பலகை நாட்டுவதற்கு எத்தனை வெள்ளி செலவாகும்? புக்கிட் ஜாலிலிலும் சுபாங் ஜெயாவிலும் அவ்வாறு ஒரு பலகை கேட்பது பேராசையா?

இன்றைய கூலியும் நாமும்

நம்மவர் செவிக்குச் சற்றுக் கசப்பாக இருக்கும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்துப் பூங்காக்களில் வங்காளதேசத்தாரும் நேப்பாளத்தாரும் இந்தோனேசியரும் கூட்டங் கூட்டமாக வருகின்றனர். ஏரிக்கரையில் நின்று படம் எடுத்து ஊருக்கு அனுப்புகின்றனர். ‘நலமாக இருக்கிறேன்’ என்று மனைவி மக்களுக்குக் காட்ட அவர்களுக்குக் கிடைத்த இடம் அதுவே. நம்மவருட் சிலர் அவர்கள் வந்தமர்ந்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு அப்பால் நகர்கின்றனர். ‘பூங்கா முழுவதும் அந்நியர்’ என்று முணுமுணுக்கின்றனர். நம் பாட்டன் கப்பலை விட்டிறங்கிய நாளில் அவனைப் பார்த்தவரும் இச்சொல்லைத்தான் சொல்லியிருப்பர். இன்று தோட்டங்களில் குலை அறுப்பவர் பெரும்பாலும் அவர்களே. அவர்கள் பெயரைச் செக்ரோலில் எழுதுவது நமது அன்றாட வேலை. பெயருள்ள மனிதர்கள் அவர்கள். வியாசத்தில் மட்டும் ஏன் பெயரற்றுப் போகவேண்டும்? தாழ்த்தப்பட்டவன் தனக்கும் கீழே ஒருவனைத் தேடும் வழக்கம் சாதி முறையின் விஷம். கடல் கடந்து வந்தும் அவ்விஷத்தைக் கொட்டிவிடாமல் கட்டிக்காப்பது அறிவுடைமையாகாது.

‘வாரம் முழுதும் உழைத்தவன் இளைப்பாறப் பூங்காவுக்குப் போகிறான், அங்கும் சரித்திரமும் நீதியும் பேசி அவன் மகிழ்ச்சியைக் கெடுக்கலாமா?’ என்று அன்பர் சிலர் கேட்கலாம். மகிழ்ச்சியை நாம் பகைக்கவில்லை. ஆறு நாள் வெயிலில் நின்றவன் ஏழாம் நாள் மரநிழலில் காலை நீட்டிப் படுத்தால், அதைவிடச் சிறந்த கவிதை இல்லை. அவன் படுத்திருப்பதை எழுதுங்கள் என்றே கேட்கிறோம். அவன் காலிலுள்ள வெடிப்பையும், பக்கத்திலுள்ள சோற்றுப் பாத்திரத்தையும், தலைக்கு மேலுள்ள மரத்தின் பெயரையும் எழுதுங்கள். அறிந்து மகிழ்வது அறியாது மகிழ்வதினும் குறைந்ததன்று.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். மனப்பாட வியாசத்துக்கு ஆறாம் ஆண்டுத் தேர்வே காரணம் என்று நெடுநாள் சொல்லி வந்தனர். அந்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-ல் நீக்கப்பட்டுவிட்டது. சாக்கும் அதனோடு நீங்கிற்று. இனிப் பிள்ளைகளைப் பூங்காவுக்கு அனுப்பும்போது ஐந்து வினாக்களைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். இம்மரத்தின் பெயர் என்ன, அது எங்கிருந்து வந்தது? இப்பூங்கா எந்த ஆண்டில் உண்டாயிற்று? அதற்கு முன்னர் இந்நிலம் யாருடையது? இதை இன்று துப்புரவாக வைத்திருப்பவர் யார், அவருடைய ஊர் எது? இங்கே வர விரும்பியும் வர அஞ்சுபவர் யார்? இவ்வைந்துக்கும் விடை தேடிய பிள்ளை, சந்திப் பிழையோடு எழுதினாலும் குற்றமில்லை. அவன் எழுதியது இலக்கியத்தின் முதற் படியில் கால் வைத்துவிட்டது.

தோட்டத்து வாலிபர்களுக்கும் ஒரு சொல். உங்கள் லயங்களில் இன்னும் வாழும் முதியோரிடம் எந்தத் தோட்டம் எந்த ஊராயிற்று என்று கேட்டு, நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். எந்தத் திடலில் கூத்து நடந்தது, எந்த மரத்தடியில் பெரட்டு நடந்தது, எந்தக் கிணற்றில் நீர் எடுத்தனர் என்பவற்றை அவர்கள் சொல்லாமற் போனால் வேறெவரும் சொல்லப்போவதில்லை. பின்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களையும் அழைத்துக்கொண்டு நகரத்துப் பூங்காவுக்குச் செல்லுங்கள். கூச்சமின்றிச் செல்லுங்கள். புல் வெட்டுவோனைக் கண்டால் வணக்கம் சொல்லி ஊர் விசாரியுங்கள். பூ பூத்ததை எழுதுவதற்கு ஆயிரம் பேர் உளர். பூக்க வைத்த கையை எழுத ஆளில்லை. அந்த எழுத்துக்கே இந்நாட்டுத் தமிழ் காத்திருக்கிறது.